சத்தம் நின்ற வாத்து: தொழிற்சாலைக் காப்பகம் ஒன்றில் விளையாட்டுப் பொருள்கள் மாற்றப்பட்ட நிகழ்வு ஆய்வு

குழந்தையின் பெற்றோரும் காப்பகத்தை நடத்தும் நிறுவனமும் கொடுத்த ஒப்புதலின்பேரில் இந்த நிகழ்வு பதிவு செய்யப்படுகிறது. குழந்தை, பணியாளர்கள், நிறுவனம், மருத்துவமனைகள் எதுவும் இதில் பெயரிடப்படவில்லை. சம்பவத்துக்குப் பிறகு விளையாட்டுப் பொருள்களைச் சீர்செய்து தரும்படி நிறுவனம் என்னைக் கேட்டுக்கொண்டது. முதல் இரண்டு நாள்களில் நடந்தவற்றை ஆசிரியை, ஆயா, தாய் ஆகிய மூவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதியிருக்கிறேன்.

பின்னணி

திருப்பூர் மாவட்டத்தில் உள்ள ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையின் வளாகத்தில் இந்தக் காப்பகம் இயங்குகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகள் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்ததால் தொடங்கப்பட்டது. ஒரே கூடம், ஓர் ஆசிரியை, ஓர் ஆயா. பத்து மாதக் குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை ஏறத்தாழ இருபது பேர் அந்தக் கூடத்திலேயே உண்டு, விளையாடி, உறங்கினார்கள். பெரியவர்களுக்கு ஒரு பக்கம், சிறியவர்களுக்கு ஒரு பக்கம் என்ற பிரிவு அப்போது இல்லை.

விளையாட்டுப் பொருள்கள் அனைத்தும் ஒரு பெரிய பிளாஸ்டிக் அன்னக்கூடையில் கிடந்தன. காப்பகம் திறந்தபோது அலுவலகம் வாங்கிய சில, ஆயுதபூஜை சமயத்தில் ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படாதவை என்று கொடுத்த பல, தேர்த்திருவிழாக் கடைகளில் வாங்கிய மலிவுப் பொருள்கள் என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்தவை அவை. எதைச் சேர்க்கலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. எதை எடுத்தெறியலாம் என்ற பொறுப்பும் அப்படியே. கூடை நிறைந்திருப்பதை, தணிக்கைக்கு வந்த வெளிநாட்டு வாங்குநரின் பிரதிநிதிகள் உட்பட, எல்லோரும் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமைதோறும் ஆயா அந்தப் பொருள்களை வெந்நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊறவைத்துக் கழுவி, மொட்டைமாடியில் வெயிலில் காயவைப்பார். சுகாதாரத்தைப் பொறுத்தவரை இது பாராட்டத்தக்க பழக்கம். ஆனால் வெந்நீரும் வெயிலும் மாறி மாறிப் பட்ட மென்பிளாஸ்டிக் பொம்மைகள் இறுகி, அவற்றில் செருகப்பட்டிருந்த பகுதிகள் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரியவந்தது.

முதல் நாள்: ஓர் இருமல்

சம்பந்தப்பட்ட பெண் குழந்தைக்கு அப்போது ஒரு வயதும் நான்கு மாதங்களும். நன்றாக நடக்கத் தொடங்கியிருந்தாள். கடைவாய்ப் பல் முளைக்கும் பருவம் என்பதால் கையில் கிடைத்த அனைத்தையும் வாயில் வைத்துக் கடித்தாள். அந்த வயதில் அது கெட்ட பழக்கமன்று. பொருளின் வடிவத்தையும் கெட்டித்தன்மையையும் குழந்தை அறிந்துகொள்ளும் வழிகளில் வாயும் ஒன்று. இரண்டு வயதை நெருங்கும்போது அது பெரும்பாலும் தானாகவே குறையும்.

பிற்பகல் தேநீர் இடைவேளைக்குச் சற்றுமுன், கூடத்தின் மூலையில் மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்றுடன் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கடுமையாக இருமினாள். முகம் சிவந்து, கண்களில் நீர் வழிந்தது. ஆயா ஓடிச் சென்று தூக்கி, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார், எதுவும் அகப்படவில்லை. ஓரிரு நிமிடங்களில் இருமல் அடங்கியது. குழந்தை அழுதாள், தண்ணீர் குடித்தாள், பிறகு விளையாடவும் போய்விட்டாள். பிஸ்கட் துணுக்கு புரையேறியிருக்கும் என்று ஆயாவும் ஆசிரியையும் கருதினார்கள். மாலையில் தாய் அழைத்துப்போக வந்தபோது இது அவரிடம் சொல்லப்படவில்லை. சொல்லத் தக்க விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை என்பதே காரணம்.

இரவில் குழந்தையின் மூச்சில் மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டிருக்கிறது. வீட்டருகே இருந்த சிறிய மருத்துவமனையில் வீசிங் என்று கருதி நெபுலைசர் வைத்து, மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூச்சுக்குழாயில் பொருள் சிக்கும் நிகழ்வுகளில் இது அடிக்கடி நேர்வது. முதல் இருமல் அடங்கிய பிறகு குழந்தை பல மணி நேரம், சில சமயம் பல நாள்கள்கூட, இயல்பாகவே தோன்றும். புரையேறிய செய்தி மருத்துவரின் காதுக்கு எட்டாவிட்டால், சளி, ஆஸ்துமா என்ற திசையிலேயே அவர் எண்ணம் செல்வது இயற்கை. அந்த இரவு மருத்துவரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே செய்தி காப்பகத்தின் வாசலைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை

காலையில் தாய் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஷிப்டுக்குச் சென்றார். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா, மூலையில் கிடந்த வாத்தை எடுத்து வழக்கம்போல ஒருமுறை அமுக்கிப் பார்த்திருக்கிறார். "டீச்சருங்க, இந்த வாத்த அமுக்குனா சத்தமே வரலீங்க, அடியில ஓட்டையா இருக்குதுங்க" என்று அவர் சொன்னதும், ஆசிரியை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வாத்தின் அடியில் வட்ட வடிவப் பிளாஸ்டிக் வளையம் மட்டும் இருந்தது. அதற்குள் பொருந்தியிருக்க வேண்டிய, சத்தம் எழுப்பும் சிறு குழலான பீப்பீ இல்லை. ஆயா இன்னொரு பொம்மையில் இருந்த பீப்பீயைக் கழற்றிக் காட்டியபோது, காணாமற்போனதன் அளவு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் அகலம்தான் என்று புரிந்தது.

ஆசிரியை உடனே தையல் பிரிவிலிருந்து தாயை வரவழைத்தார். முந்தைய நாள் இருமலைப் பற்றி அவர் அப்போதுதான் சொன்னார். தாயின் பதில்: "நேத்து ராத்திரி பாப்பா மூச்சு விட்டா விசில் மாதிரி கேட்டுச்சுங்க டீச்சர், சளின்னுதான் நெனச்சோம்."

அடுத்த அரைமணி நேரத்தில் ஆசிரியை எடுத்த முடிவுகள் இந்த ஆய்வில் மிகவும் கவனிக்கத்தக்கவை. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தபோதும், மாலை வரை பார்க்கலாம் என்று மேற்பார்வையாளர் ஒருவர் சொன்னபோதும், அவர் காத்திருக்கவில்லை. மறுபடியும் வாய்க்குள் விரல் விடவோ, குழந்தையைத் தலைகீழாகத் தூக்கித் தட்டவோ யாரையும் அனுமதிக்கவில்லை. நன்றாக மூச்சு விடும் குழந்தையின் குழாயில் ஓரிடத்தில் தங்கியிருக்கும் பொருள், அத்தகைய முயற்சியால் நகர்ந்து மூச்சையே முழுதாக அடைத்துவிடக்கூடும். மயக்க மருந்து தேவைப்படலாம் என்று எண்ணி, அதன்பிறகு பாலோ உணவோ கொடுக்க வேண்டாமென்றார். வாத்தையும், அதே வகைப் பொம்மையிலிருந்து கழற்றிய பீப்பீயையும் ஒரு கவரில் போட்டுத் தாயின் கையில் கொடுத்தார். நிறுவனத்தின் வண்டியில் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்.

மருத்துவமனையில்

பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் வலப்பக்க நுரையீரல் இடப்பக்கத்தைவிடப் பெருத்துத் தெரிந்தது. உள்ளே போன காற்று முழுவதுமாக வெளியே வரமுடியாமல் தேங்குவதன் அடையாளம் அது. மருத்துவர்கள் கவரில் வந்த பீப்பீயைப் பார்த்து, தேட வேண்டிய பொருளின் வடிவத்தை முன்கூட்டியே அறிந்துகொண்டார்கள். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் குழல்கருவியைச் செலுத்தி, வலது கிளைக்குழாயில் சிக்கியிருந்த பீப்பீயை எடுத்தார்கள். சில நாள்கள் கண்காணிப்பில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபரிசோதனையில் இரண்டு நுரையீரல்களும் சமமாக விரிந்தன. குழந்தைக்கு நிரந்தரப் பாதிப்பு ஏதும் இல்லை.

கூடையைக் கொட்டிப் பார்த்தபோது

நான் காப்பகத்துக்குச் சென்றபோது நிறுவனத்தின் மனிதவள அலுவலர், பழைய பொருள்களை மொத்தமாக எறிந்துவிட்டு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள புதியவற்றை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து விலைப்பட்டியலும் தருவித்திருந்தார். எறிவதற்கு முன் அனைத்தையும் ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எந்தப் பொருள் எப்படி ஆபத்தாகிறது என்று பணியாளர்கள் கண்ணால் காணாவிட்டால், புதிய பொருள்களும் இரண்டே ஆண்டுகளில் அதே நிலைக்கு வந்துவிடும்.

மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொருளிலோ, அதிலிருந்து கழன்றுவரும் துண்டிலோ, ஒரு குறிப்பிட்ட உருளைக்குள் முழுதாக அடங்கிவிடுவது எதுவும் இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு விதி. அந்த உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அடிப்பாகம் சாய்வாக இருப்பதால் ஆழம் 25.4 மி.மீ. முதல் 57.1 மி.மீ. வரை மாறும். சிறு குழந்தையின் தொண்டையளவை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட அளவு அது. சோதனைக்கூட உருளை எங்களிடம் இல்லை. தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் கிடந்த 40 மி.மீ. பிவிசி குழாயை விரல் நீளத்துக்கு அறுத்துக்கொண்டோம். ஸ்கேலை வைத்து அளந்தால் அதன் உள்விட்டம் ஏறத்தாழ 36 மி.மீ.; விதியிலுள்ளதைவிடச் சற்றே அகலம் என்பதால் தவறினாலும் பாதுகாப்பின் பக்கமே தவறும். குழாய்க்கடையில் அடுத்துக் கிடைக்கும் 32 மி.மீ. குழாய் இதற்கு உதவாது, ஏனென்றால் அதில் 32 என்பது வெளிவிட்டம். உள்ளே அளவு குறைந்துவிடும்.

கூடையிலிருந்த பொருள்களில் அப்படியே குழாய்க்குள் விழுந்தவை குறைவு: கோலிக்குண்டுகள், கோர்க்கும் மணிகள், சில சொப்புச் சாமான்கள். ஆனால் ஆயாவும் ஆசிரியையும் ஒவ்வொரு பொருளையும் பிடித்து இழுத்தும், முறுக்கியும், இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டும் பார்த்தபோது பட்டியல் நீண்டது. கரடிப் பொம்மையின் கண் நூலோடு வந்தது. கார்களின் சக்கரம் கழன்று, அதைத் தாங்கியிருந்த கம்பி ஊசிபோல் நீட்டிக்கொண்டது. திருவிழாக் கிலுகிலுப்பை ஒன்று இரண்டாகப் பிளந்து, உள்ளிருந்த மணிகள் கூடமெங்கும் சிதறின. இழுவை யானையின் கயிறு ஒரு முழத்துக்கும் மேல் இருந்தது; சின்னக் குழந்தையின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள அது போதும். சத்தம் போடும் ரப்பர் பொம்மைகளை இரண்டாக வெட்டிப் பார்த்ததில், உள்ளே தேங்கிய தண்ணீரால் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. வாராவாரம் கழுவியவருக்கு அதைக் காட்டுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

என்னை அதிகம் பயமுறுத்தியது பாட்டுப் பாடும் கைப்பேசிப் பொம்மை. மின்கல அறையின் மூடி தொலைந்துபோய், ரப்பர் பேண்டால் கட்டப்பட்டிருந்தது. உள்ளே மூன்று பட்டன் மின்கலங்கள். தொண்டையில் இறங்கி உணவுக்குழாயில் தங்கிய பட்டன் மின்கலம், குறிப்பாக 20 மி.மீ. அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் வகை, ஈரத் திசுவின் வழியே மின்சாரத்தைச் செலுத்திக் கடுங்காரத்தை உண்டாக்குகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே குழாய்ச் சுவர் வெந்துபோகத் தொடங்கும். சட்டைப் பொத்தானை விழுங்கிய குழந்தைக்கும் இதை விழுங்கிய குழந்தைக்கும் வெளியில் தெரியும் வேறுபாடு முதலில் எதுவும் இருக்காது. அந்தக் கூடத்தில் அன்றைக்குப் பீப்பீ கழன்றதற்குப் பதிலாக அந்த ரப்பர் பேண்ட் அறுந்திருந்தால், ஓர் இரவு தாமதம் என்பது வேறு முடிவைத் தந்திருக்கும்.

கூடையில் அடங்காமல் தனியே நின்றது சக்கரம் வைத்த வட்ட வாக்கர். நன்கொடையாக வந்தது. நடக்கக் கற்றுத்தரும் என்ற நம்பிக்கையில் பத்து மாதக் குழந்தைகளை அதில் உட்காரவைத்திருந்தார்கள். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. குழந்தைக்குத் தன்னால் கட்டுப்படுத்த முடியாத வேகத்தையும், எட்டக்கூடாத உயரத்தையும் கொடுப்பதோடு சரி. கனடா 2004-ஆம் ஆண்டிலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. கூடத்தின் வாசலில் மூன்று படிகள் இருந்தன என்பதை இங்கே குறித்தாக வேண்டும்.

குழந்தைகள் எதை விளையாடினார்கள்

ஆபத்தானவற்றை விலக்கினால் மட்டும் பொருத்தமான பொருள்கள் கிடைத்துவிடாது. எனவே, எஞ்சியவற்றை வைத்துக்கொண்டு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். பட்டனை அழுத்தினால் பாடும் பியானோவிடம் ஒவ்வொருவரும் வந்தார்கள், அழுத்தினார்கள், போய்விட்டார்கள். அது பாடிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஆசிரியையும் ஆயாவும் குழந்தைகளிடம் பேசவே இல்லை என்பதை நான் பிறகு சுட்டிக்காட்டியபோது இருவருக்கும் வியப்பு. 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 10 முதல் 16 மாதக் குழந்தைகளின் பெற்றோர், மின்னணுப் பொம்மைகளோடு விளையாடும்போது, படப் புத்தகங்களோடு இருக்கும்போது பேசுவதைவிடக் குறைவான சொற்களையே பேசினார்கள் என்று காட்டியது. பொம்மை பேசத் தொடங்கினால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அதே குழந்தைகள் நெடுநேரம் ஈடுபட்டது பொம்மையே அல்லாத பொருள்களில். மதிய உணவு டப்பாக்களின் மூடியைப் போட்டுப் போட்டு எடுத்தார்கள். சிறுவன் ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளிச் சென்று, சுவரில் முட்டியதும் சுற்றிவந்து மறுபக்கமிருந்து தள்ளினான். மருத்துவமனையிலிருந்து திரும்பிவந்திருந்த அந்தப் பெண் குழந்தை, கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க முயன்று, பெரியதைச் சிறியதற்குள் திணித்துப் பார்த்து, தோற்று, மாற்றிப் போட்டு, பொருந்தியதும் ஆசிரியையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்று முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தைக்குப் போடுவதும் கொட்டுவதும், தள்ளுவதும், திறந்து மூடுவதும்தான் வேலை. ஒன்றரை வயதில் மூன்று நான்கு கட்டைகளையும், இரண்டு வயதில் ஆறு கட்டைகள் வரையிலும் அடுக்க வருகிறது. அதன் பிறகே பாவனை விளையாட்டு வலுப்பெற்று, சோறு ஆக்குவதும் பொம்மையைத் தூங்கவைப்பதும் நீள்கின்றன. வாங்கும் பட்டியலை நாங்கள் இந்த வரிசையிலிருந்துதான் எழுதினோம். கடையின் பெட்டிகளில் எழுதியிருந்த வயதிலிருந்து அல்ல.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்கள் புழங்கும் இடத்தில் வைக்கும் எந்தப் பொருளையும், புதிதாக இருக்கும் நிலையில் மட்டும் பார்த்து ஏற்பதில்லை என்பது. அது உடைந்தால் என்னென்ன துண்டுகளாகும் என்று கேட்டு, அந்தத் துண்டுகள் குழாய்க்குள் விழாது என்றால்தான் அனுமதி. இந்த அளவுகோலை வைத்ததும் பட்டியல் தானாகவே எளிமையானது. ஒற்றைத் துண்டாக இருப்பவையும், உடைந்தாலும் பெரிய துண்டுகளாக நிற்பவையுமே மிஞ்சின. மின்கலம் உள்ள எதுவும், பீப்பீ உள்ள எதுவும், காந்தம் உள்ள எதுவும் வேண்டாமென்று முற்றாக விலக்கினோம். பலூனும் அந்த வரிசையில்தான். வெடித்த பலூனின் ரப்பர்த் துணுக்கு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் முதுகில் தட்டி வெளியேற்றுவது மிகக் கடினம். செடிகளுக்கென்று விற்கும், நீரில் ஊறிப் பருக்கும் வண்ண ஜெல்லி மணிகளையும் விலக்கியவற்றோடு சேர்த்தோம்.

ஐஎஸ்ஐ முத்திரையைப் பற்றி அலுவலருடன் நீண்ட விவாதம் நடந்தது. 2020-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி, 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகள் 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் இந்த முத்திரையின்றி விற்கப்படக் கூடாது. ஐஎஸ் 9873 என்னும் தரநிலையில் இழுத்தல், முறுக்குதல், கீழே போடுதல் முதலிய சோதனைகளும், வண்ணப்பூச்சில் உள்ள ஈயம் முதலான உலோகங்களுக்கான வரம்பும் அடங்கும். மின்பொம்மைகளுக்கு ஐஎஸ் 15644. முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணை, முத்திரையை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் தட்டிப் பார்த்தால் அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். வாங்கும் பொருளுக்கு இது கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் புதிய பொருளைச் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்த முடிவு, இரண்டு ஆண்டுகள் வெந்நீரும் வெயிலும் பல்லும் பட்ட பொருளுக்குச் செல்லாது. எனவே முத்திரை நுழைவதற்கான தகுதி. நீடிப்பதற்கு மாதந்தோறும் குழாய்ச் சோதனை என்று இணக்கத்துக்கு வந்தோம்.

வாங்கியது குறைவு, செய்துகொண்டது அதிகம். ஐந்து சென்டிமீட்டர் பக்கமுள்ள மரக்கட்டைகள், கெட்டி அட்டைப் படப் புத்தகங்கள், குமிழ் வைத்த பொருத்துப் பலகைகள், கர்நாடகத்தின் சன்னபட்டணத்து மர வளைய அடுக்கு ஆகியவை கடையிலிருந்து வந்தன. புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்களுக்கு ஐஎஸ்ஐ கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு என்பதால், அந்த அடுக்கின் உச்சிக் குமிழை நாங்களே குழாயில் போட்டுப் பார்த்தோம். விழுந்துவிட்டது, எனவே குமிழை அகற்றிவிட்டு வளையங்களை மட்டும் வைத்துக்கொண்டோம். தையல் பிரிவில் தீர்ந்துபோன பிளாஸ்டிக் நூல் கோன்கள் சாக்குச் சாக்காகக் கிடைத்தன. ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்ப்பதற்கு அவற்றைவிடப் பொருத்தமான பொருளை எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. பனியன் வேஸ்ட் துணியைத் திணித்து, தாய்மார்களே ஓவர்லாக் அடித்து மேலே இன்னொரு தையலும் போட்டுத் துணிப்பந்துகளும் பொம்மைகளும் செய்தார்கள். கண்கள் நூலால் தைக்கப்பட்டன. வாக்கர் போய், பழைய மர நடைவண்டி வந்தது. அதில் குழந்தை தானே எழுந்து நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. டைல்ஸ் தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓடியதால், வெளியே சிமெண்டு முற்றத்தில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் என்று விதித்தோம். இழுவைப் பொம்மைகளின் கயிறு ஒரு சாணுக்கு மேல் கிடையாது.

எண்ணிக்கையையும் குறைத்தோம். 18 முதல் 30 மாதக் குழந்தைகள் 36 பேரை வைத்து அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பதினாறு பொம்மைகள் சூழ இருந்ததைவிட நான்கு மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றுடனும் நீண்ட நேரமும், பல விதமாகவும் விளையாடியிருக்கிறார்கள். கூட்டமாகக் குழந்தைகள் இருக்கும் காப்பகத்துக்கு நான்கு போதாது. ஆகவே வகைகளைக் குறைத்து, ஒவ்வொரு வகையிலும் ஒன்றுபோலவே பல பொருள்களை வைத்தோம். இரண்டு வயதில் பகிர்ந்துகொள்ளச் சொல்வது வீண்; அவரவர் கையில் ஒன்று இருந்தால் சண்டை பாதியாகிவிடும். தாழ்வான அலமாரியில் ஒரு வாரத்துக்கு ஆறேழு வகைகள். மற்றவை உள்ளே இருந்து முறைவைத்து வெளிவரும்.

மூன்று வயதைக் கடந்தவர்களின் மணிகள், சொப்பு, சிறு கட்டைகள் ஆகியவற்றை முழுதாகப் பறித்துவிடுவது நியாயமன்று. அவர்களுக்கு இவை தேவை. கூடத்தின் ஒரு பகுதியை அரைக்கதவு வைத்துத் தடுத்து, உயர்ந்த மேசையில் அவர்கள் விளையாட ஏற்பாடு செய்தோம். மணி கோர்ப்பது மட்டும் சிறியவர்கள் தூங்கும் நேரத்தில், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் முறையில்.

பணியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்கப்பட்டது. குழந்தை சத்தமாக இருமினால் இருமவிட வேண்டும். இருமவோ அழவோ முடியாமல் போனால், தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்ட வேண்டும். பலனில்லையென்றால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மார்பிலும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு மேல்வயிற்றிலும் ஐந்து அழுத்தங்கள். பொருள் வெளிவரும் வரை அல்லது குழந்தை நினைவிழக்கும் வரை மாற்றி மாற்றித் தொடர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவக் கூடாது.

தொடர்ந்து நடந்தவை

முதல் மாதம் எளிதாக இருக்கவில்லை. பியானோவைக் காணாத குழந்தைகள் ஓரிரு நாளில் மறந்துவிட்டார்கள், பெற்றோர்கள்தாம் மறக்கவில்லை. கூடை நிறைய இருந்த பொம்மைகளை எடுத்துவிட்டு நூல் கோனைக் கொடுக்கிறார்கள் என்று மனக்குறை எழுந்தது. ஒரு மாலை தாய்மார்களை உட்காரவைத்து, கழன்ற பீப்பீயையும், பிளந்த கிலுகிலுப்பையையும், குழாய்த் துண்டையும் அவர்கள் கையிலேயே கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்ன பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

நூல் கோன்களில் ஒரு குறை வெளிப்பட்டது. ஒரு குழந்தையின் விரலில் கோனில் மிச்சமிருந்த நூல் இறுகச் சுற்றி, நுனி நீலம் பாரித்துவிட்டது. ஆயா கத்தரித்து எடுத்ததால் தீங்கில்லை. அன்று முதல் ஒவ்வொரு கோனும் பிளேடால் கீறி நூல் முழுதும் நீக்கப்பட்டு, கழுவப்பட்ட பிறகே உள்ளே வருகிறது. ஐப்பசி மழையில் துணிப்பந்துகள் காயாமல் நாற்றமடித்ததால், திணிப்பைக் குறைத்து, இரண்டு தொகுதிகளாக வைத்து மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, சிறியவர்கள் ஒரே விளையாட்டில் தங்கும் நேரம் கண்கூடாக நீண்டிருந்தது. ஆசிரியையின் பேச்சும் அதிகமாகியிருந்தது, "பெருசு எங்க? சிறுசு எங்க? அட, உள்ள போயிருச்சா?" என்று டம்ளர் அடுக்கும் குழந்தையோடு அவர் பேசுவது கூடத்தில் கேட்டது. தேய்ந்த பொருள்களுக்கான பதிவேட்டில் ஆயா தன் கையெழுத்தில் எழுதியிருந்த பக்கங்களைப் படித்தேன்: "சிவப்பு கட்டை, மூலை செதறிருச்சு, எடுத்தாச்சு." வேறு நடவடிக்கை எதுவும் இந்த அளவுக்கு நிலைத்து நின்றதாகச் சொல்ல மாட்டேன்.

மாற்ற வேண்டியவையாக எஞ்சியவை

இருமல், விழுதல், வாந்தி என்று அன்றைக்கு நடந்த எதுவானாலும் மாலையில் தாயிடம் சொல்லப்பட வேண்டும் என்பதற்காக ஒரு சிறு சீட்டு அறிமுகப்படுத்தப்பட்டது. பத்து நாள் ஒழுங்காக எழுதப்பட்டு, ஏற்றுமதி அவசரத்தில் ஷிப்டு நேரங்கள் மாறியதும் விட்டுப்போனது. தாய்மார்கள் கூட்டமாக வந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு ஓடும் அந்தக் கால்மணி நேரத்தில் எழுத்து வேலை ஓடாது. சீட்டுக்குப் பதிலாக, புரையேறியது போன்ற நிகழ்வு நேர்ந்தவுடனேயே தையல் பிரிவுக்கு அழைத்துத் தாயிடம் நேரில் சொல்லிவிடுவது என்ற முறை இப்போது பின்பற்றப்படுகிறது. உற்பத்தி தடைபடுவதாக மேற்பார்வையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வெளியிலிருந்து வருபவை இன்னும் முழுதாகக் கட்டுக்குள் வரவில்லை. உற்பத்திக் கூடத்திலிருந்து தாய்மார்களின் முந்தானையிலும் பையிலும் ஒட்டிவரும் பொத்தான்கள், ஊக்குகள், தேர்த்திருவிழா வாரத்தில் குழந்தைகளின் கையோடு வரும் பீப்பீகளும் பலூன்களும் வாசலிலேயே வாங்கிவைக்கப்பட்டு மாலையில் திருப்பித் தரப்படுகின்றன. திருப்பித் தந்தவை வீட்டில் அன்றிரவே குழந்தையின் வாய்க்குப் போகின்றன. விரும்பிய தாய்மார்களுக்குப் பராமரிப்புப் பிரிவு குழாயை அறுத்துத் துண்டு துண்டாகக் கொடுத்து வருகிறது. வாங்கிச் சென்றவர்களில் சிலர், வீட்டில் பாட்டி பத்திரமாக வைத்திருந்த பழைய பொம்மைகளில் பாதியை அப்புறப்படுத்தியதாகச் சொன்னார்கள். ஒருவர், தன் மாமியார் அந்தத் துண்டை எடுத்து ஊறுகாய் ஜாடிக்கு மூடிபோல் வைத்துவிட்டதாகச் சொல்லி இன்னொன்று கேட்டு வாங்கிப் போனார்.